25 சதவீத வட்டி எங்கே போனது? இலங்கையின் நெருக்கடியும் சேமிப்பாளரின் கணக்கும்

2022இன் இறுதியில் இலங்கை வங்கிகள் ஒரு வருட நிலையான வைப்புக்கு 20 சதவீதத்துக்கு மேல் வட்டி கொடுத்தன. 25 சதவீதம் வரை கொடுத்த இடங்களும் உண்டு. 2024இல் அதே வைப்பைப் புதுப்பிக்கப் போனவர்களுக்கு 8 அல்லது 9 சதவீதம்தான் கிடைத்தது. வேலையிலிருந்து ஓய்வுபெற்று, மாத வட்டியை வைத்துக் குடும்பம் நடத்துகிறவர்களுக்கு இது கைச்செலவிலேயே விழுந்த அடி. நாடு வங்குரோத்தாகிக் கிடந்தபோது 25, நாடு தேறிவிட்டது என்று சொல்லும்போது 8. இதென்ன கணக்கு என்ற கேள்வி இன்னும் ஓயவில்லை.

கேள்வி நியாயமானது. ஆனால் அந்த 25 சதவீதத்தைப் பொற்காலமாக நினைவில் வைத்திருப்பது பிழை என்பது என் கருத்து. சேமிப்பாளரின் பணத்தைக் கரைத்த முடிவுகள் 2019இலிருந்து 2022இன் தொடக்கம் வரை எடுக்கப்பட்டவை. அப்போது வட்டி தாழ்ந்து கிடந்தது, டொலரின் விலை அசையாமல் நின்றது, யாருக்கும் பெரிதாக வலிக்கவில்லை. கரைந்த பிறகுதான் வட்டி ஏறியது. பணத்தை இடம் மாற்ற வசதி இருந்தவர்கள் அந்த ஏற்றத்தைப் பிடித்துக்கொண்டார்கள். வசதி இல்லாதவர்களின் தலையில்தான் பாரம் இறங்கியது. இதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

சேர்த்துப் படிக்க வேண்டிய மூன்று எண்கள்

1. வட்டி வீதம். நூறு ரூபாவைக் கொடுத்து வைத்தால் ஒரு வருடம் கழித்து அதற்கு மேல் எத்தனை ரூபா வரும் என்பது. வங்கி வாசலில் பதாகையாகத் தொங்குவது இந்த எண் மட்டும்தான்.

2. பணவீக்கம். போன வருடம் இதே மாதம் நூறு ரூபாவுக்கு வாங்கிய சாமான்களுக்கு இந்த வருடம் எவ்வளவு கூடுதலாகக் கொடுக்கிறோம் என்பது. கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி 2022 செப்டெம்பரில் இது 69.8 சதவீதத்தைத் தொட்டது. உணவை மட்டும் எடுத்தால் 94.9 சதவீதம்.

3. நாணய மாற்று வீதம். ஒரு டொலருக்கு எத்தனை ரூபா என்பது. எரிபொருள், எரிவாயு, பால்மா, கோதுமை, மருந்து எல்லாம் கப்பலில் வந்திறங்கும் நாட்டில் இது எல்லோருடைய அடுப்பையும் தொடும் எண். இன்று ரூபா விழுந்தால் சில வாரங்களில் கடைவிலை ஏறும்.

வட்டியிலிருந்து பணவீக்கத்தைக் கழித்தால் மிஞ்சுவதை மெய் வட்டி என்பார்கள். 7 சதவீத வட்டி, 5 சதவீதப் பணவீக்கம் என்றால் மெய் வட்டி 2 சதவீதம். 25 சதவீத வட்டி, 57 சதவீதப் பணவீக்கம் என்றால் அது கழித்தல் 32. பணம் புத்தகத்தில் பெருத்துக்கொண்டே வீட்டில் சிறுத்துக்கொண்டு போகிறது. பணவீக்கம் குறைந்தது என்றால் விலைகள் இறங்கின என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அது விலை ஏறும் வேகம் குறைந்ததைத்தான் சொல்கிறது. ஏறிய விலை பெரும்பாலும் ஏறிய இடத்திலேயே நிற்கும்.

எரிவாயு சிலிண்டரால் அளந்து பார்த்தால்

சதவீதங்களைத் தள்ளிவைத்து, எல்லா வீட்டிலும் இருக்கும் ஒரு பொருளால் அளப்போம். 12.5 கிலோ சமையல் எரிவாயு சிலிண்டரின் விலை 2021இன் நடுப்பகுதியில் 1,493 ரூபா. 2021 ஒக்டோபரில் விலைக் கட்டுப்பாடு நீக்கப்பட்டதும் 2,675 ஆனது. 2022 ஏப்ரலில் 4,860. அந்த வருடம் டிசெம்பரில் 4,600 அளவில் இருந்து, 2024இன் இறுதியில் 3,690க்கு வந்தது.

ஒருவரிடம் 10 இலட்சம் ரூபா வைப்பு இருக்கிறது, வட்டியை மாதாமாதம் எடுத்துச் செலவழிக்கிறார், முதலைத் தொடுவதில்லை என்று வைத்துக்கொள்வோம்.

2021இன் நடுவில், 5.5 சதவீத வட்டிக்கு மாதம் ஏறத்தாழ 4,580 ரூபா வரும். அது மூன்று சிலிண்டர். அவருடைய முதல் அப்போது 670 சிலிண்டருக்குச் சமம்.

2022 டிசெம்பரில், 25 சதவீதம் கிடைத்தால் மாதம் 20,800 ரூபா. நாலரை சிலிண்டர். முதல் 217 சிலிண்டர்.

2024இன் இறுதியில், 8 சதவீதத்துக்கு மாதம் 6,660 ரூபா. இரண்டு சிலிண்டருக்குக் கூடக் காணாது. முதல் 271 சிலிண்டர்.

25 சதவீதம் ஏன் பொற்காலமாக நினைவில் நிற்கிறது என்பது இதைப் பார்த்தால் விளங்கும். கைக்கு வந்த மாத வட்டி கூடுதலாக வாங்கியது. அதைக் கண்ணால் பார்த்தோம். 670 இருந்த முதல் 217 ஆனதை யாரும் புத்தகத்தில் எழுதிக் காட்டவில்லை. அங்கே 10,00,000 என்ற எண் அப்படியே இருந்தது. உண்மையில் அந்த உயர்ந்த வட்டியின் பெரும்பகுதி, கரைந்துபோன முதலுக்கு ஈடாக வந்த தொகை. அதையும் செலவழித்துவிட்டால் முதல் மீள்வதற்கு வழியே இல்லை. ஓய்வூதியர் பலருக்கு நடந்தது இதுதான். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வட்டியை எடுக்காமல் விட்டு எதை வைத்துச் சமைப்பது?

வருடத் தொடக்கத்தில் 7 சதவீதத்துக்குப் பூட்டிவைத்தவரின் நிலை இன்னும் மோசம். 2022 ஜனவரியில் 10 இலட்சம் ரூபாவுக்கு, டொலர் 200 என்ற அரசாங்க விலையில், 5,000 டொலர் வரும். டிசெம்பர் முடிவில் வட்டியோடு சேர்ந்து 10,70,000 ரூபா கைக்கு வந்தபோது டொலர் 363. அதாவது 2,950 டொலர். அந்த டிசெம்பரில் பணவீக்கம் 57.2 சதவீதம். எனவே உள்ளூர் விலையில் கணக்கிட்டாலும் அவருடைய பத்து இலட்சம் ஏழு இலட்சத்துக்கும் குறைவாகிவிட்டது.

வட்டி ஏன் தாழ்ந்து கிடந்தது

2019 டிசெம்பரில், கோட்டாபய ராஜபக்ஷ ஜனாதிபதியான சில நாட்களில், பெறுமதி சேர் வரி 15 சதவீதத்திலிருந்து 8க்குக் குறைக்கப்பட்டது. வருடத்துக்கு 12 மில்லியன் ரூபா விற்பனை இருந்தால் இந்த வரிக்குப் பதிய வேண்டும் என்ற எல்லை 300 மில்லியனுக்கு உயர்த்தப்பட்டது. சம்பளத்திலிருந்து மாதாமாதம் பிடித்த வரியும் நிறுத்தப்பட்டது. மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 12 சதவீதத்துக்கு மேல் இருந்த அரச வருமானம் 2021இல் 8.3 சதவீதத்துக்கு இறங்கியது. வரி குறைந்ததால் அன்று மகிழாதவர் குறைவு. பெருந்தொற்று வருவதற்கு முன்பே இந்த ஓட்டை போடப்பட்டுவிட்டது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

வருமானம் இல்லாத அரசு கடன் வாங்க வேண்டும். 2020இல் கடன் தரமதிப்பீடு அடுத்தடுத்து இறங்கியதால் வெளிநாட்டுச் சந்தை கதவைச் சாத்தியது. உள்ளூரில் வாங்குவதென்றால் கடன் கொடுப்பவர் கேட்கும் வட்டியைக் கொடுக்க வேண்டும். அதைக் கொடுக்க அரசு விரும்பவில்லை. திறைசேரியின் ஏலங்களில் வட்டிக்கு உச்சவரம்பு வைத்தார்கள். அந்த விலைக்கு வாங்க ஆள் வராதபோது மிஞ்சியதை மத்திய வங்கி வாங்கியது. மத்திய வங்கி வாங்குவது என்றால் புதிதாகப் பணத்தை உண்டாக்கி அரசின் கணக்கில் இடுவது. பேச்சுவழக்கில் காசு அச்சடிப்பது. 2019இன் இறுதியில் 100 பில்லியன் ரூபாவுக்கும் குறைவாக மத்திய வங்கியிடம் இருந்த திறைசேரி உண்டியல்கள் (அரசின் குறுங்காலக் கடன் பத்திரங்கள்) 2022 முடியும்போது 2,500 பில்லியனைத் தாண்டியிருந்தன.

2020 ஜூலையிலிருந்து 2021 ஓகஸ்ட் வரை மத்திய வங்கியின் கொள்கை வட்டி, அதாவது வங்கிகளோடு அது கொடுக்கல் வாங்கல் செய்யும் வட்டி, 4.5 சதவீதத்துக்கும் 5.5 சதவீதத்துக்கும் இடையில் வைக்கப்பட்டது. வங்கிகளின் வைப்பு வட்டியும் அதைத் தொட்டே நின்றது. கடன் வாங்குபவருக்கு மலிவாகக் கிடைத்த பணத்தின் விலையைச் சேமித்தவர்தான் கட்டினார். இதற்கு வரி என்று பெயர் வைக்கவில்லை, நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்பும் நடக்கவில்லை. ஆனால் அது சேமிப்பின் மீது போட்ட வரியேதான் என்று நான் கருதுகிறேன்.

டொலர் 203 என்று எழுதிவைத்த காலம்

புதிதாக வந்த ரூபா இறக்குமதியைத் தேடிப் போகும். அப்போது டொலர் கூடுதலாக வேண்டும், ரூபா விழ வேண்டும். 2021 செப்டெம்பரிலிருந்து மத்திய வங்கி டொலர் 203ஐத் தாண்டக்கூடாது என்று பிடித்து வைத்தது. விலையை எழுதிவைக்கலாம், அந்த விலைக்கு விற்க ஆள் வேண்டுமே.

விற்க ஆள் வரவில்லை. கனடாவிலோ லண்டனிலோ இருந்து யாழ்ப்பாணத்துக்குப் பணம் அனுப்புகிறவரும், வளைகுடாவிலிருந்து மட்டக்களப்புக்கு அனுப்புகிறவரும் வங்கியில் போட்டால் 203 ரூபா, வங்கிக்கு வெளியே பணம் அனுப்பித்தரும் உண்டியல்காரரிடம் கொடுத்தால் 240க்கு மேல். வங்கி வழியே அனுப்பினால் டொலருக்கு 10 ரூபா ஊக்கத்தொகை என்று 2021 டிசெம்பரில் அறிவித்தும் பயன் இல்லை. 2020இல் 7.1 பில்லியன் டொலராக இருந்த வெளிநாட்டுப் பணவரவு 2021இல் 5.5 பில்லியனாகவும் 2022இல் 3.8 பில்லியனாகவும் சுருங்கியது. உண்டியலில் அனுப்பியவர்கள் நாட்டுப்பற்று இல்லாதவர்கள் என்று அப்போது பேசப்பட்டது. தாய் தகப்பனுக்கு மாதம் 300 டொலர் அனுப்புகிறவரிடம் பதினோராயிரம் ரூபாவை விட்டுக்கொடுக்கச் சொன்ன கொள்கையில்தான் பிழை இருந்தது.

வரவு குறைய, இருப்பை எடுத்துச் செலவழித்தார்கள். 2019இன் இறுதியில் 7.6 பில்லியன் டொலராக இருந்த அந்நியச் செலாவணி ஒதுக்கு 2021 முடிவில் 3.1 பில்லியன். அதிலும் ஏறத்தாழ பாதி சீன மத்திய வங்கியுடனான நாணயப் பரிமாற்று வசதி. நினைத்தபடி எடுத்துச் செலவழிக்க முடியாதது. அப்படியிருக்க, 2022 ஜனவரி 18 அன்று முதிர்ந்த சர்வதேச இறைமை முறிகளுக்கு (அரசு வெளிநாட்டுச் சந்தையில் டொலரில் வாங்கிய கடன்) 500 மில்லியன் டொலரை இலங்கை முழுதாகக் கட்டியது. ஒருபோதும் கடன் தவறாத நாடு என்ற பெயரைக் காப்பதே நோக்கம் என்றார்கள். அடுத்த வாரங்களில் எரிபொருள் கப்பல்கள் பணம் கிடைக்காமல் கொழும்புக் கடலில் காத்து நின்றன. மார்ச்சில் மேல் மாகாணத்தில் கடதாசி இல்லாமல் பாடசாலைப் பரீட்சைகள் தள்ளிப்போயின. அந்த ஒரு கொடுப்பனவை இந்த நெருக்கடியின் மிகப் பெரிய தவறுகளில் ஒன்றாக நான் பார்க்கிறேன். கட்ட முடியாது என்று தெரிந்த பின் முதலில் வந்தவருக்கு முழுதாகக் கொடுத்து அனுப்புவது, பின்னால் நிற்கும் அத்தனை பேருடைய பங்கையும் குறைக்கும் செயல்.

2022 மார்ச் 7 அன்று பிடி தளர்ந்தது. மே மாதத்தில் டொலர் 360ஐத் தாண்டியது. வருடத் தொடக்கத்தில் 177 ரூபாவாக இருந்த 92 ஒக்டேன் பெற்றோல் ஜூனில் 470.

2022 ஏப்ரல்: ஐந்து நாட்களில் இரண்டு முடிவுகள்

ஏப்ரல் 7 அன்று நந்தலால் வீரசிங்க மத்திய வங்கி ஆளுநராகப் பொறுப்பேற்றார். மறுநாள் கொள்கை வட்டி ஒரே அடியாக 7 சதவீதப் புள்ளி ஏற்றப்பட்டு 13.5 – 14.5 ஆனது. 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவது நிறுத்தப்படுகிறது என்று அறிவிக்கப்பட்டது. மே தொடக்கத்தில், கையில் எடுத்துச் செலவழிக்கக்கூடிய டொலர் 50 மில்லியன் கூட இல்லை என்று நிதியமைச்சர் நாடாளுமன்றத்தில் சொன்னார். அந்த வருடம் இந்தியா கொடுத்த ஏறத்தாழ 4 பில்லியன் டொலர் உதவி இல்லாவிட்டால் நாட்கள் எப்படிக் கழிந்திருக்கும் என்று நினைக்கவே அச்சமாக இருக்கிறது.

வட்டியை ஏன் இப்படி ஏற்ற வேண்டும்? கடன் வாங்குவது கடினமானால் வாங்கும் வேகம் குறையும்; இறக்குமதி குறையும்; டொலருக்கான நெருக்கடி தணியும். ரூபாவில் வைத்திருப்பதற்குக் கூலி கிடைத்தால் எல்லோரும் ரூபாவை விட்டு ஓடமாட்டார்கள். இது கசப்பு மருந்து. கடனில் தொழில் நடத்திய சிறு முதலாளிகளின் வட்டி 25 சதவீதத்தைத் தாண்டியது. ஈடு வைத்த வீடும் கடையும் நீதிமன்றம் போகாமலே ஏலத்துக்கு வரும் பராட்டே முறை பலரை விழுங்கியது; 2024இல் அதைத் தற்காலிகமாக நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. அந்த வேதனையைத் தெரிந்துகொண்டே சொல்கிறேன்: வட்டியை ஏற்றியது சரியான முடிவு. 2021இல் சிறிது சிறிதாக ஏற்றியிருந்தால் இவ்வளவு உயரத்துக்குப் போக வேண்டி வந்திருக்காது.

திறைசேரி உண்டியல்: பயத்தின் விலை

உண்டியல் என்ற சொல் இங்கே குழப்பும். மேலே சொன்னது பணம் அனுப்பும் உண்டியல். திறைசேரி உண்டியல் வேறு. அரசு 91, 182 அல்லது 364 நாட்களுக்கு வாங்கும் குறுங்காலக் கடன் அது. இதில் வட்டி தனியாக வராது. முதிரும்போது கிடைக்கும் தொகையை விடக் குறைந்த விலைக்கு இப்போது வாங்குகிறோம், வித்தியாசம்தான் வருமானம். சில ஆண்டுகள் ஓடுகிற, இடையில் வட்டி கொடுக்கிற நீண்டகாலக் கடன் திறைசேரி முறி.

2022இன் இறுதி மாதங்களில் 91 நாள் உண்டியல் 30 சதவீதத்தைத் தாண்டியது. 364 நாள் உண்டியல் 29 சதவீதத்துக்கு விற்றது. அதாவது 7,75,000 ரூபா கொடுத்தால் ஒரு வருடம் கழித்து 10 இலட்சம். பணவீக்கமோ 60, 70 என்று நிற்கிறது. 29க்கு யார் கொடுப்பார் என்று பலர் ஒதுங்கினார்கள். இங்கேதான் ஒரு நுட்பம். 69.8 சதவீதம் என்பது கடந்த பன்னிரண்டு மாதங்களில் விலை எவ்வளவு ஏறியது என்ற கணக்கு. உண்டியல் வாங்குகிறவர் பார்க்க வேண்டியது அடுத்த பன்னிரண்டு மாதத்தை. 2022 ஒக்டோபருக்குப் பிறகு மாதத்துக்கு மாதம் ஏற்றம் அடங்கத் தொடங்கிவிட்டது. ஒரு வருடம் கழித்து, 2023 நவம்பரில், பணவீக்கம் 3.4 சதவீதம். 29க்குக் கொடுத்தவருக்கு வரிக்கு முன் 25 சதவீத மெய் இலாபம்.

ஆனால் அவர் கெட்டிக்காரர், மற்றவர்கள் ஏமாளிகள் என்று நான் சொல்லவரவில்லை. அந்த 29 சதவீதத்துக்குள் ஒரு பயமும் விலையாகச் சேர்ந்திருந்தது. வெளிநாட்டுக் கடனை நிறுத்திய அரசு உள்நாட்டுக் கடனிலும் கைவைக்குமா என்பது அன்று யாருக்கும் தெரியாது. உண்டியல் வாங்கியவர்கள் அந்த ஆபத்தைத் தாங்கினார்கள். கடைசியில் அவர்களுக்கு ஆபத்து வரவில்லை. வந்திருக்கவும் கூடும். நாலு மாதச் செலவுக்கு மட்டும் பணம் வைத்திருக்கிற ஒருவர் அன்று ஒதுங்கி நின்றது முழுக்க முழுக்கச் சரி.

பங்குச்சந்தையைப் பற்றி இரண்டு வரி போதும். வட்டி தாழ்ந்து கிடந்த 2021இல் கொழும்புப் பங்குச் சுட்டெண் ஏறத்தாழ 80 சதவீதம் ஏறியது. பொருளாதாரம் நன்றாக இருக்கிறது என்பதற்கு அதைச் சான்றாகக் காட்டினார்கள். 2022 ஏப்ரலில் ஒரு வாரம் சந்தையையே மூடவேண்டி வந்தது; வருட முடிவில் சுட்டெண் 8,500ஐ ஒட்டி நின்றது. வட்டி இறங்கிய பின் 2024 முடிவில் ஏறத்தாழ 16,000. தங்கம் வைத்திருந்தவர்கள் ரூபாக் கணக்கில் தப்பினார்கள், ஏனென்றால் தங்கத்தின் விலை டொலரில் பேசப்படுவது. அடகு வைத்தவர்களுக்கு அந்த ஏற்றம் பயன்படவில்லை.

வங்கிகள் ஐந்து நாள் பூட்டியிருந்தபோது

2023 மார்ச் 20 அன்று சர்வதேச நாணய நிதியம் ஏறத்தாழ 3 பில்லியன் டொலர் உதவித் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. கடன் சுமையைத் தாங்கும் அளவுக்குக் குறைக்க வேண்டும் என்பது நிபந்தனை. வெளிநாட்டில் கடன் கொடுத்தவர்கள், உங்கள் ஊரில் கடன் கொடுத்தவர்களும் பாரத்தில் பங்கேற்கட்டும் என்றார்கள். ஜூன் 29 ஹஜ் பெருநாள், 30 விசேட வங்கி விடுமுறை, பிறகு சனி, ஞாயிறு, ஜூலை 3 போயா என்னும் பௌர்ணமி விடுமுறை. இந்த ஐந்து நாட்களுக்குள் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்புத் திட்டம் வெளியிடப்பட்டு நாடாளுமன்ற ஒப்புதலும் பெறப்பட்டது.

வங்கி வைப்புகள் தொடப்படவில்லை. பொதுமக்களும் நிறுவனங்களும் வைத்திருந்த திறைசேரி உண்டியல்கள் தொடப்படவில்லை. வங்கிகளிடம் இருந்த ரூபா முறிகளும் தொடப்படவில்லை. வங்கிகள் ஏற்கெனவே அதிக வரி கட்டுகின்றன, வாராக்கடனால் தளர்ந்திருக்கின்றன, அவை ஆட்டம் கண்டால் வைப்பாளர்கள் அஞ்சுவார்கள் என்பது காரணம். இந்தக் காரணத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் தனியார் முதலீட்டாளர்கள் 2022இல் மிக உயர்ந்த வட்டிக்கு வாங்கிய முறிகளும் சேர்ந்தே தப்பின. அதற்கு அதே நியாயத்தைச் சொல்ல முடியாது.

மிஞ்சியவை மத்திய வங்கியும் ஓய்வூதிய நிதியங்களும். அவற்றில் மிகப் பெரியது ஊழியர் சேமலாப நிதியம்.

தோட்டத் தொழிலாளியின் 20 சதவீதம்

தனியார் துறையில் வேலை செய்யும் ஒவ்வொருவரின் சம்பளத்திலிருந்தும் 8 சதவீதம், முதலாளியிடமிருந்து 12 சதவீதம், ஆக 20 சதவீதம் இந்த நிதியத்துக்குப் போகிறது. ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் எடுக்கலாம். ஹட்டனிலோ பதுளையிலோ கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணுக்கு 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1,000 ரூபா ஆனது. அவர் பேரில் நாளொன்றுக்கு 200 ரூபா நிதியத்தில் சேரும். அன்று அந்த 200 ஒரு டொலர். ஒன்றேகால் வருடத்தில் அரை டொலரைச் சற்றுத் தாண்டியது மட்டுமே.

அவர் பணத்தை எடுத்து டொலர் வாங்கியிருக்க முடியாது; 29 சதவீத உண்டியலுக்கு மாறியிருக்க முடியாது. எங்கே போடுவது என்ற முடிவு அவர் கையில் இல்லை. நிதியத்தை நடத்துவது மத்திய வங்கி. 2022க்கு நிதியம் உறுப்பினர்களுக்கு அறிவித்த வட்டி 9 சதவீதம். பணவீக்கம் 57.2. ஒரே வருடத்தில் சேமிப்பின் வாங்கும் வலுவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போனது.

இதற்கு மேல் 2023இல் நிதியத்தின் முன் வைக்கப்பட்ட தெரிவு இது: பழைய முறிகளைக் கொடுத்துவிட்டு 2027 முதல் 2038 வரை முதிரும் புதிய முறிகளை வாங்கிக்கொள்ள வேண்டும். வட்டி 2025 வரை 12 சதவீதம், அதன் பிறகு முதிர்வு வரை 9. மறுத்தால் முறி வருமானத்தின் மீதான வரி 14 சதவீதத்திலிருந்து 30 ஆகும். நிதியம் ஒத்துக்கொண்டது. முதல் தொகையில் வெட்டு இல்லை, 9 சதவீதம் உறுதி என்று அரசு சொன்னது உண்மை. 2023க்கு 13 சதவீதம் கொடுக்கப்பட்டதும் உண்மை. வெளிநாட்டு முறிக்காரர்களுக்கு 2024 டிசெம்பரில் முடிந்த பரிமாற்றத்தில் முதல் தொகையிலேயே 27 சதவீதம் வெட்டு விழுந்தது. ஆனால் அவர்கள் அந்த ஆபத்துக்காக உயர்ந்த வட்டி வாங்கியவர்கள், வேண்டாமென்றால் விற்றுவிட்டுப் போகக்கூடியவர்கள். கொழுந்துக் கூடை சுமந்தவருக்கு அந்த இரண்டும் இல்லை. உள்நாட்டில் பாரத்தைப் பகிர்ந்திருக்க வேண்டும். உயர் வட்டியில் இலாபம் கண்டவர்களிடம் ஒரு தடவை கூடுதல் வரி வாங்கியிருக்க வேண்டும். அதைச் செய்யாததை என்னால் ஏற்க முடியவில்லை.

2023 நவம்பர் 14 அன்று உயர் நீதிமன்றம், கோட்டாபய, மஹிந்த, பசில் ராஜபக்ஷ ஆகியோரும் மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்களும் பொருளாதாரத்தைக் கையாண்ட விதத்தில் மக்கள் நம்பிக்கையை மீறினார்கள் என்று தீர்ப்பளித்தது. இழந்த மூன்றில் ஒரு பங்கை அது திருப்பித் தராது.

முதலீட்டுக்கு முன் பார்க்க வேண்டியவை

1. மெய் வட்டி. தொடர்ந்து பல மாதங்கள் வைப்பு வட்டி பணவீக்கத்துக்குக் கீழே இருந்தால் யாரோ உங்கள் பணத்தில் மலிவாகக் கடன் வாங்குகிறார் என்று பொருள். அந்த நேரத்தில் நீண்ட காலத்துக்குப் பூட்டிவைக்காதீர்கள்; மூன்று மாத வைப்பே போதும்.

2. வங்கியின் டொலர் விலைக்கும் வெளி விலைக்கும் உள்ள இடைவெளி. சில ரூபா வித்தியாசம் எப்போதும் உண்டு. 40 ரூபா என்றால் எழுதிவைத்த விலை நிற்கப்போவதில்லை.

3. ஒதுக்கில் செலவழிக்கக்கூடிய பகுதி எவ்வளவு என்பது. மொத்தத் தொகையை மட்டும் சொல்லும் செய்தியால் பயன் இல்லை.

4. வரி வருமானம். வரிக்குறைப்பு அறிவிப்பு வந்தால் அந்தப் பணம் எங்கிருந்து ஈடுசெய்யப்படும் என்று கேட்க வேண்டும். 2019இல் 8க்கு இறக்கிய அதே பெறுமதி சேர் வரி 2024 ஜனவரியில் 18 ஆனது. சம்பள வரி 2023இல் 36 சதவீதம் வரை போனது.

5. யாருக்குக் கடன் கொடுக்கிறோம். கூடுதல் வட்டி என்றால் கூடுதல் ஆபத்து. வைப்புக் காப்புறுதி ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு 11 இலட்சம் ரூபா வரைதான். அதற்கு மேல் இருந்தால் ஒரே இடத்தில் வைக்காதீர்கள்.

6. மத்திய வங்கி அரசுக்குக் காசு அச்சடிக்கிறதா என்பது. 2023 செப்டெம்பர் 15 முதல் நடைமுறைக்கு வந்த புதிய மத்திய வங்கிச் சட்டம் இதைத் தடைசெய்கிறது. சேமிப்பாளருக்கு இந்த நெருக்கடியிலிருந்து கிடைத்த மிகப் பெரிய காவல் இந்தச் சட்டம்தான் என்று எண்ணுகிறேன். அடுத்த தேர்தல் காலத்திலோ வெள்ள காலத்திலோ இதைத் தளர்த்த வேண்டும் என்று குரல் எழும்போது, அது தங்கள் வைப்பைப் பற்றிய பேச்சு என்று வட்டியில் வாழ்கிறவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் 8 சதவீதம் நியாயமா

2024 டிசெம்பரில் கொழும்பு விலைச்சுட்டெண் முந்தைய வருடத்தை விட 1.7 சதவீதம் குறைந்திருந்தது. 8 சதவீத வட்டி வாங்கியவருக்கு அந்த வருடம் மெய் வட்டி 9 சதவீதத்துக்கு மேல். 2022இன் இறுதியில் கிடைத்த 25 சதவீதத்தை அந்த வருடத்துப் பணவீக்கத்தோடு வைத்துப் பார்த்தால் கழித்தல் 30ஐத் தாண்டியது. எண்ணாகப் பார்த்தால் 8 தான் மேல். ஆனால் அந்த 8 கணக்கிடப்படுவது 670 சிலிண்டரிலிருந்து 271 ஆகிவிட்ட முதலின் மேல். ஓய்வூதியரின் வீட்டில் தட்டுப்பாடு தெரிவது இதனால்தான். வட்டியை இன்னும் ஏற்றச் சொல்வதால் அந்த முதல் திரும்பி வராது.

சேமலாப நிதியத்தின் கணக்கு வேறு. அதன் புதிய முறிகளின் வட்டி 2026இலிருந்து 9 சதவீதம். மத்திய வங்கியின் பணவீக்க இலக்கு 5. இலக்கு காப்பாற்றப்பட்டால் 2038 வரை வருடத்துக்கு 4 சதவீதம் மிஞ்சும். இன்று 42 வயதில் கொழுந்து பறிக்கும் பெண் 50 வயதில் எடுக்கும் பணம், இடைப்பட்ட எட்டு வருடங்களும் அந்த 5 ஐந்தாகவே இருப்பதைப் பொறுத்தது.